கன்று ஈன்ற மாடு தீனி எடுக்கவில்லையா? ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கலாம்: அறிகுறிகள், முதலுதவி, தடுப்பு முறைகள்

கன்று ஈன்று இரண்டு வாரம் ஆகியிருக்கும். மாடு எழுந்து நிற்கிறது, காய்ச்சல் இல்லை, மடியிலும் குறை தெரியவில்லை. ஆனால் அடர்தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வைக்கோலை மட்டும் கொஞ்சம் கடிக்கிறது. பால் நாளுக்கு நாள் குறைகிறது, உடம்பு கண் முன்னே இளைக்கிறது. கறவை மாடு வைத்திருப்பவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். "செரிமானம் சரியில்லை" என்று நினைத்து வெற்றிலை, மிளகு, வெல்லம் கொடுத்து நாட்களைக் கடத்திவிடுவதும் உண்டு.

இது பெரும்பாலும் வயிற்றுக் கோளாறு இல்லை. கோளாறு ஈரலில் இருக்கிறது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைந்து ஈரலுக்குள் குவிவதால் வரும் இந்த நிலைக்கு கால்நடை மருத்துவத்தில் 'கீட்டோசிஸ்' என்று பெயர். இதனுடன் சேர்ந்தே வருவது 'கொழுப்பு ஈரல்' நோய். அதிகம் பால் கறக்கும் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் பிரீசியன் கலப்பின மாடுகளில்தான் இது மிகுதி. எருமைகளிலும் வரும்.

திருமுக்கூடல், பழையசீவரம், வாலாஜாபாத் போன்ற பாலாற்றங்கரை ஊர்களில் நெல் அறுவடையில் கிடைக்கும் வைக்கோலே மாட்டுக்கு முக்கியத் தீவனம். ஒன்றிரண்டு கறவை மாட்டை நம்பி வீட்டுச் செலவை ஓட்டும் குடும்பத்துக்கு, கன்று ஈன்ற முதல் இரண்டு மாதப் பால்தான் அந்த ஈற்றின் முக்கிய வருமானம். அந்த நேரத்தில் மாடு தீனியை விட்டால் இழப்பு அந்த மாதத்தோடு நிற்காது. அடுத்த சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். எனவே இந்த நோயின் காரணத்தைப் புரிந்துகொள்வது அவசியம்.

ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு சர்க்கரை வேண்டும்?

பாலில் உள்ள இனிப்புச் சத்தின் பெயர் லாக்டோஸ். இதை மடி தயாரிப்பது ரத்தத்தில் வரும் குளுக்கோஸிலிருந்து. ஒரு லிட்டர் பால் சுரக்கச் சுமார் 70 கிராம் குளுக்கோஸ் தேவை. 12 லிட்டர் கறக்கும் மாட்டுக்குப் பாலுக்கு மட்டுமே தினமும் 800 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும்.

மனிதன் சோறு சாப்பிட்டால் அது குடலில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. மாட்டுக்கு அப்படி இல்லை. மாடு தின்னும் தீவனத்தை முதலில் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் புளிக்க வைத்து அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. அவற்றில் புரோப்பியோனிக் அமிலம் என்ற ஒன்றை ஈரல் எடுத்து, அதிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கிறது. மாட்டுக்குத் தேவையான சர்க்கரையில் பெரும்பகுதியை உண்டாக்கும் பட்டறை ஈரல்தான்.

மக்காச்சோளம், சோளம், கம்பு போன்ற தானியங்களிலிருந்து புரோப்பியோனிக் அமிலம் கூடுதலாகக் கிடைக்கும். வைக்கோலிலிருந்து கிடைப்பது குறைவு. ஆகவே வைக்கோலை மட்டும் நம்பியிருக்கும் கறவை மாட்டின் ஈரலுக்கு மூலப்பொருள் போதாது.

கொழுப்பு கரைவது ஏன்?

கன்று ஈன்றபின் 4 முதல் 8 வாரத்தில் பால் உச்சத்தைத் தொடும். ஆனால் மாடு தின்னும் அளவு உச்சத்துக்கு வர 10 முதல் 14 வாரம் ஆகும். ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரத்திலேயே தீனி எடுப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வரவு குறைவு, செலவு அதிகம் என்ற இந்த இடைவெளியைச் சமாளிக்க உடம்பு தன் சேமிப்பான கொழுப்பைக் கரைக்கிறது.

ஓரளவு கொழுப்பு கரைவது இயற்கை. நல்ல கறவை மாடு எல்லாமே கன்று ஈன்றபின் சற்று இளைக்கும். கரைந்து வரும் கொழுப்பு ஈரலால் கையாள முடியாத அளவுக்குப் போகும்போதுதான் நோய் தொடங்குகிறது. ஈரலுக்கு வந்த கொழுப்புக்கு மூன்று வழிகள் உண்டு:

- முழுவதுமாக எரிந்து சக்தியாவது. இதற்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் எரிக்க முடியாது.
- பாதி எரிந்து 'கீட்டோன்' என்ற பொருளாக மாறி ரத்தத்தில் கலப்பது. சிறிதளவு கீட்டோனை மாட்டின் தசையும் இதயமும் எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்ளும். மிகுந்தால் தீங்கு.
- எரியாத கொழுப்பு ஈரல் செல்லுக்குள்ளேயே தங்குவது. இதைப் பொதிந்து ரத்தத்துக்கு வெளியே அனுப்பும் திறன் மாட்டின் ஈரலுக்கு மிகக் குறைவு. அதனால் உள்ளே வந்த கொழுப்பு எளிதில் வெளியேறாது.

ஈரல் செல்லுக்கு என்ன ஆகிறது?

கொழுப்புத் துளிகள் நிறைந்த ஈரல் செல், வைக்கோல் அடைத்த அறை போல ஆகிவிடுகிறது. வேலை செய்ய இடமில்லை. செல் வீங்குகிறது. குளுக்கோஸ் தயாரிக்கும் வேலை மந்தமாகிறது. குளுக்கோஸ் குறைந்தால் உடம்பு இன்னும் கொழுப்பைக் கரைக்கிறது. அதுவும் ஈரலுக்கே வந்து சேர்கிறது. இப்படி ஒன்றை ஒன்று தூண்டும் சுழலில் மாடு மாட்டிக்கொள்கிறது.

நச்சுப் பொருட்களை அகற்றும் வேலையும் ஈரலுக்கு உண்டு. புரதச் செரிமானத்தில் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியேற்றுவதும் ஈரல்தான். கொழுப்பு அடைத்த ஈரலில் அதுவும் தடைபடுகிறது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் வீரியமும் குறைகிறது. இந்த மாடுகளில் மடி நோய், நஞ்சுக்கொடி விழாமை, கருப்பையில் சீழ் போன்றவை கூடுதலாக வருவதற்கு இது ஒரு காரணம். பருவத்துக்கு வருவதும் தாமதமாகும்.

பசியில் வாடும் மாடு தின்ன மறுப்பது ஏன்?

இதுதான் விவசாயிகளைக் குழப்பும் இடம். உடம்பு கரையும் மாட்டுக்குப் பசி அதிகமாகத்தானே வேண்டும்?

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் தரும் ஒரு விளக்கம்: ஈரலுக்கும் மூளைக்கும் நேரடி நரம்புத் தொடர்பு இருக்கிறது. ஈரல் செல்லில் எரிபொருள் வேகமாக எரிந்து சக்தி நிரம்பினால் "போதும்" என்ற செய்தி மூளைக்குப் போகிறது. சக்தி குறைந்தால் "தீனி வேண்டும்" என்ற செய்தி போகிறது. எரிவது தொட்டியிலிருந்து வந்த தீவனமா, முதுகிலிருந்து கரைந்து வந்த கொழுப்பா என்று ஈரல் பிரித்துப் பார்ப்பதில்லை. நாள் முழுவதும் கொழுப்பு வந்து எரிந்துகொண்டே இருப்பதால், உடம்பு கரைந்துகொண்டிருந்தாலும் மூளைக்குப் "போதும்" என்ற செய்தியே போகிறது. மாடு தொட்டியை விட்டு விலகுகிறது. ரத்தத்தில் மிகுந்த கீட்டோனும் பசியை மேலும் மந்தமாக்குகிறது.

எனவே இந்த மாட்டுக்குப் பசியைத் தூண்டும் பொடி கொடுத்தால் மட்டும் போதாது. கொழுப்பு கரைவதை நிறுத்த வேண்டும். அதற்கு ரத்தத்தில் குளுக்கோஸ் ஏற வேண்டும்.

எந்த மாட்டுக்கு ஆபத்து அதிகம்?

- ஈனும்போது அளவுக்கு மீறிக் கொழுத்திருக்கும் மாடு. முந்தைய ஈற்றில் நீண்ட நாள் சினை பிடிக்காமல், பால் குறைந்த பின்னும் அதே அடர்தீவனத்தைத் தின்று கொழுத்த மாடுகள் இதில் முதலில் வரும்.
- மூன்றாவது ஈற்றும் அதற்கு மேலும் உள்ள, அதிகம் கறக்கும் மாடு.
- இரட்டைக் கன்று ஈன்ற மாடு.
- பால் காய்ச்சல், நஞ்சுக்கொடி தங்கல், மடி நோய், கால் நோவு என ஏதோ ஒரு காரணத்தால் ஈன்ற உடனே தீனி குறைந்த மாடு.
- பால் வற்றிய பிறகு வைக்கோலை மட்டும் கொடுத்து, ஈன்ற மறுநாள் முதல் திடீரென அடர்தீவனம் கொட்டப்பட்ட மாடு.

கொழுத்த மாடு நல்ல மாடு என்ற எண்ணம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. கன்று ஈனும் நேரத்தில் அது உண்மையல்ல. கொழுத்த மாடுதான் முதலில் தீனியை விடும்.

அறிகுறிகள்

பெரும்பாலும் ஈன்ற முதல் ஆறு வாரத்துக்குள் தெரியும்.

- முதலில் அடர்தீவனத்தையும், பிறகு பசுந்தீவனத்தையும் மறுக்கும். வைக்கோலை மட்டும் கொஞ்சம் தின்னும்.
- பால் படிப்படியாகக் குறையும். உடல் வேகமாக இளைக்கும்.
- சாணம் கெட்டியாக, உருண்டையாக, சில நேரம் மேலே சளி படிந்தது போல இருக்கும்.
- மூச்சு, சிறுநீர், பால் ஆகியவற்றில் ஒருவித இனிப்பு வாடை, அழுகும் பழம் அல்லது நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல வரும். எல்லோராலும் இந்த வாடையை உணர முடியாது. வாடை இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.
- சில மாடுகள் சுவரை, கட்டுத்தறியை விடாமல் நக்கும், வெறுமனே மெல்லும், தள்ளாடும், வட்டமிடும், முரண்டு பிடிக்கும். இப்படி நடந்துகொண்டால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். வெறிநோய்க்கும் இதே போன்ற அறிகுறிகள் உண்டு என்பதால் வெறும் கையை வாயில் விடக் கூடாது.

பால் சங்கத்துச் சீட்டு சொல்லும் செய்தி

நோய் வெளியே தெரியும் முன்பே ஒரு தடயம் கிடைக்கும். உடம்பிலிருந்து கரைந்த கொழுப்பில் ஒரு பகுதி பாலிலும் இறங்குகிறது. அதனால் ஈன்ற முதல் மாதத்தில் கொழுப்பு அளவு திடீரென ஏறும். புரதம் குறைவதால் கொழுப்பு இல்லாத திடப்பொருள், அதாவது எஸ்.என்.எஃப், இறங்கும்.

கொழுப்பு ஏறினால் விலை கூடும் என்று மகிழ்ந்துவிடுவோம். ஆனால் லிட்டர் குறைந்து, கொழுப்பு மட்டும் ஏறி, எஸ்.என்.எஃப். இறங்கினால் மாடு தன் உடம்பை உருக்கிக் கறக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மாடு வைத்திருப்பவர்கள் புதிதாக ஈன்ற மாட்டின் பாலைத் தனியாகப் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது.

உறுதி செய்வது எப்படி?

கால்நடை மருந்தகத்தில் சிறுநீரைக் கொண்டு 'ரோத்தராஸ்' பரிசோதனை செய்வார்கள். கீட்டோன் இருந்தால் ஊதா நிறம் தோன்றும். சுத்தமான, உலர்ந்த பாட்டிலில் மாட்டின் சிறுநீரைப் பிடித்துத் தாமதமின்றிக் கொண்டுபோக வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தில் கீட்டோன் அளவைக் காட்டும் சிறு கருவிகளும் உள்ளன. லிட்டருக்கு 1.2 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் மறைமுக கீட்டோசிஸ் என்று கொள்ளலாம். வெளியே அறிகுறி தெரியாத இந்த நிலையிலேயே பால் இழப்பு தொடங்கிவிடும்.

தீனி எடுக்காத எல்லா மாட்டுக்கும் கீட்டோசிஸ் என்று முடிவு கட்டவும் கூடாது. ஈன்ற மூன்று நாளுக்குள் காது குளிர்ந்து படுத்துவிட்டால் பால் காய்ச்சலாக இருக்கலாம். அரிசி, சோறு, தானியம் அதிகம் தின்றபின் சாணம் நீர்த்துப் போனால் அமில நோய். காய்ச்சலும் துர்நாற்றமுள்ள கசிவும் இருந்தால் கருப்பை நோய். ஆணி, கம்பி விழுங்கிய மாடும் தீனியை விடும். இவற்றில் ஒன்று முன்னால் வந்து, அதன் விளைவாகக் கீட்டோசிஸ் பின்னால் வருவதும் உண்டு. இதைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை.

சிகிச்சை

- மருத்துவர் ரத்தக் குழாய் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் செலுத்துவார். இது விரைவாகப் பலன் தரும். ஆனால் பலன் சில மணி நேரமே நிற்கும். ஒரு பாட்டில் ஏற்றியதும் மாடு தெளிந்துவிட்டது என்று நிறுத்தினால் நோய் திரும்பும்.
- தொடர்ந்து பலன் தருவது வாய்வழி கொடுக்கும் புரோப்பிலீன் கிளைக்கால். ஈரல் இதைக் குளுக்கோஸாக மாற்றும். வழக்கமான அளவு நாளுக்கு ஒரு முறை 300 மில்லி, 3 முதல் 5 நாள். மாட்டின் எடையையும் நிலையையும் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவையே கொடுக்க வேண்டும்.
- கால்நடைக்கென்று விற்கப்படும் மருந்தை மட்டும் வாங்க வேண்டும். வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் திரவத்தில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கடும் விஷம். பெயர் ஒத்திருப்பதால் ஏமாறக் கூடாது.
- பி12 போன்ற வைட்டமின் ஊசிகள், ஸ்டீராய்டு ஆகியவற்றை மருத்துவர் தேவைக்கேற்பத் தருவார். இவற்றைக் கடையில் வாங்கித் தாமே போடக் கூடாது.
- மாடு எதை விரும்பித் தின்கிறதோ அதை முதலில் கொடுக்க வேண்டும். பசும்புல், அகத்தி, வேலிமசால் எனச் சிறிது சிறிதாகப் பலமுறை வைத்து, தின்னாததை எடுத்துவிட வேண்டும்.

செய்யக் கூடாதவை

*எண்ணெய் ஊற்றுதல்:* நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ ஊற்றினால் மாடு தெளியும் என்பது தவறு. ஏற்கெனவே கொழுப்பால் அடைபட்ட ஈரலுக்கு எண்ணெய் உதவாது. மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் பழுதாகி மாடு இறந்துவிடும்.

*வெல்லக் கரைசலை நம்புதல்:* சர்க்கரை வேண்டும் என்றால் வெல்லம் கொடுத்தால் போதாதா என்று தோன்றும். வாய்வழி கொடுக்கும் வெல்லத்தின் பெரும்பகுதி பெருவயிற்றிலேயே புளித்துவிடும். சர்க்கரையாக ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. அளவு மிஞ்சினால் அமில நோயும் சேர்ந்துகொள்ளும்.

*தலையைத் தூக்கி மருந்து ஊற்றுதல்:* எந்த மருந்தானாலும் தலையை அதிகம் உயர்த்தாமல், நாக்கை இழுத்துப் பிடிக்காமல், சிறிது சிறிதாக விட வேண்டும். இருமினால் உடனே நிறுத்த வேண்டும்.

தடுப்பு: ஈனுவதற்கு 60 நாள் முன்பே தொடங்குங்கள்

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் அங்கே 15 படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனை இயங்கியதைச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் எல்லாம் அதில் உண்டு. நோய் வருமுன் ஏற்பாடு செய்து வைக்கும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. கறவை மாட்டுக்கும் அதுவே பொருந்தும்.

*பால் வற்ற விடும்போது:* ஈனுவதற்கு 60 நாள் முன் பாலை நிறுத்த வேண்டும். அப்போது மாட்டின் உடலைப் பார்க்க வேண்டும். விலா எலும்புகள் லேசாகத் தெரிய வேண்டும், துருத்தி நிற்கக் கூடாது. வால் அடியில் கொழுப்புத் திரண்டு மேடாக இருந்தால் மாடு கொழுத்திருக்கிறது. 5 மதிப்பெண் கொண்ட உடல்நிலை அளவுகோலில் 3 முதல் 3.5 சரியான நிலை. கொழுத்த மாட்டை இந்தக் காலத்தில் பட்டினி போட்டு இளைக்க வைக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் கொழுப்பு இப்போதே ஈரலுக்குப் போகத் தொடங்கும். இளைக்க வைக்க வேண்டுமானால் கறவையின் பிற்பகுதியிலேயே அடர்தீவனத்தைக் குறைத்திருக்க வேண்டும்.

*கடைசி மூன்று வாரம்:* நாளுக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ அடர்தீவனத்தில் தொடங்கி, ஈனும் நாளுக்குள் 2 முதல் 2.5 கிலோ வரை படிப்படியாக உயர்த்த வேண்டும். ஈன்றபின் தரப்போகும் தீவனத்தையே இப்போது பழக்கினால் பெருவயிற்று நுண்ணுயிர்கள் தயாராகிவிடும். வைக்கோலுடன் பசுந்தீவனமும் சேர்க்க வேண்டும். இந்தக் காலத்துக்கு ஏற்ற தாது உப்பு எது என்று மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்கலாம்.

*ஈன்ற பிறகு:* அடர்தீவனத்தை இரண்டு நாளுக்கு ஒரு முறை சுமார் அரை கிலோ வீதம் உயர்த்த வேண்டும். உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என்பது பொதுவான கணக்கு. 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 5.5 கிலோ. இதை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துத் தர வேண்டும். கோ 4 போன்ற கம்பு நேப்பியர் புல்லும், வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனமும் சேர்ந்து நாளுக்கு 20 முதல் 25 கிலோ கிடைத்தால் நல்லது. தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராம். சுத்தமான தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்க வேண்டும்.

*பண்டிகை நாட்களில்:* பொங்கலை ஒட்டிப் பழையசீவரம், திருமுக்கூடல் பகுதி பார்வேட்டை உற்சவத்தில் களைகட்டும். மாட்டுக்கும் பொங்கல், சோறு, வாழைப்பழம் தாராளமாகக் கிடைக்கும். அந்த வாரத்தில் ஈன்ற மாடு இருந்தால் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளவும். அமில நோய் வந்து இரண்டு நாள் தீனி நின்றாலே கீட்டோசிஸுக்கு வழி திறந்துவிடும்.

*பைபாஸ் கொழுப்பு:* அதிகம் கறக்கும் மாட்டுக்கு இது பயன்படும் என்றாலும், தீனியை விட்ட மாட்டுக்கு மருந்தாகாது. முன்பு இந்த நோய் வந்த மாட்டுக்கு, ஈரலிலிருந்து கொழுப்பை வெளியேற்ற உதவும் 'பாதுகாக்கப்பட்ட கோலின்' கலந்த தீவனச் சேர்க்கையை அடுத்த ஈற்றுக்கு முன் மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

ஆடு வளர்ப்போர் கவனத்துக்கு

செம்மறி, வெள்ளாடுகளில் இதே கோளாறு குட்டி போடுவதற்கு முன்பே, சினையின் கடைசி ஆறு வாரத்தில் வரும். இரண்டு மூன்று குட்டிகள் வயிற்றில் இருக்கும் ஆடுகளுக்கே ஆபத்து அதிகம். மந்தையை விட்டுத் தனியே நிற்பது, கண் தெரியாதது போல் முட்டிக்கொள்வது, தீனியை விடுவது அறிகுறிகள். மழை நாட்களில் மேய்ச்சல் தடைபட்டால் சினை ஆட்டைப் பட்டினியாகக் கட்டி வைக்கக் கூடாது. கடைசி மாதத்தில் தினமும் கொஞ்சம் தானியக் கலவை கொடுத்து வந்தால் தடுக்கலாம்.

எப்போது மருத்துவரை அழைப்பது?

ஈன்ற ஆறு வாரத்துக்குள் உள்ள மாடு இரண்டு வேளை தொடர்ந்து அடர்தீவனத்தை மறுத்தால் மூன்றாவது வேளைக்குக் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். தீவன மேலாண்மை குறித்த ஆலோசனைக்கும் பயிற்சிக்கும் இப்பகுதி விவசாயிகள் காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். இது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

ஈன்ற நாள், தினசரிப் பால் அளவு, சங்கத்தில் பதிவான கொழுப்பு, எஸ்.என்.எஃப்., தீனி குறைந்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலான மாடுகள் ஒரு வாரத்தில் தேறிவிடும். ஈரல் முழுக்கக் கொழுப்பு அடைத்த பிறகு வரும் மாட்டைக் காப்பாற்றுவது கடினம்.